பேரணியா, பதினைந்து பேரா, துறைமுகமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு முடிந்த பிறகும் பெரிய பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் 6,400 ராண்ட். புரட்டாசி விரதம் முடிந்த வாரத்தில் கோழி பிரியாணி விற்றுச் சேர்த்தது. (புரட்டாசி முடிந்த அடுத்த ஞாயிறு டர்பனில் கோழிக்கு இருக்கும் மரியாதையே தனி. நேரம் பார்த்துக் கடை போட்டிருக்கிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள்.)

போருக்கு எதிராக எதையாவது செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. எந்தப் போர் என்பதிலேயே மூன்று கட்சி. ஒருத்திக்கு காசா. இன்னொருவன் சூடானைப் பற்றி யாருமே வாய் திறப்பதில்லை என்று கொதித்தான். மூன்றாமவள் காங்கோவைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். எந்தப் போரானாலும் செய்ய வேண்டியது என்ன என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே எண்ணம்.

"பெரிசா ஒரு மார்ச் வைப்போம் அக்கா. ஐயாயிரம் பேர் ரோட்டுல இறங்கினா கவர்மெண்ட் கேட்டுத்தானே ஆகணும்?"

பேத்தியைக் கூட்டிப்போக வந்த மாமா ஒருவர் வாசலில் நின்றிருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். உள்ளே எட்டிப் பார்த்து, "2009-ல நடந்தோமேம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வரைக்கும் அவகாசம் கேட்டேன். டின்னில் இருக்கிற பணத்துக்கும் பிள்ளைகளின் நேரத்துக்கும் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது வேலை செய்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போகட்டும், முதலில் மாமாவின் கேள்வி.

பேனா போன கதை

2009-ல் நானும் நடந்தேன். வன்னியிலிருந்து வந்த படங்களைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார முடியவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று சில நூறு பேர். இங்கே எந்த ஊர்வலமும் மெமோரண்டம் கொடுக்காமல் முடியாது. அது நம் நாட்டுச் சடங்கு. கோரிக்கைகளை எழுதி எடுத்துப் போக வேண்டும், அதிகாரி ஒருவர் வெளியே வந்து எல்லார் முன்னாலும் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் கூட்டம் கலையும். எங்களுக்கு வந்தவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். மேசை இல்லை. ஒரு பக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) பானெட்மேல் தாளை வைத்து, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெயிலில் பானெட் கொதித்ததால் கையை உதறி உதறி எழுதினார். போகும்போது பேனாவையும் கொண்டுபோய்விட்டார். பேனாவும் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை.

எங்கள் கூட்டம் சின்னது. லண்டனில் தமிழர்கள் ஏப்ரலில் தொடங்கி எழுபது நாளுக்கு மேல் நாடாளுமன்றச் சதுக்கத்தை விட்டு நகரவில்லை. டொராண்டோவில் மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அப்படியும் மே 18, 19-இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துபோனது. கொழும்பு அரசுக்கு லண்டன் தெருவில் நிற்பவர்களின் ஓட்டும் தேவையில்லை, டர்பன் தெருவில் நிற்பவர்களின் ஓட்டும் தேவையில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வாரம், மே 27, ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்புக் கூட்டம். அப்போது மனித உரிமை ஆணையராக இருந்தவர் நம் டர்பன் பஸ் டிரைவரின் மகள் நவி பிள்ளை. சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டார். மன்றமோ இலங்கையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29-இல் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

இதைப் பல வருஷம் கழித்துத்தான் நான் கவனித்தேன். பழைய மெமோரண்டத்தின் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'போரை நிறுத்து' என்று பெரிய எழுத்தில் இருந்தது. 'ஜெனிவாவில் இப்படி ஓட்டுப் போடு' என்று ஒரு வரி இல்லை. கொழும்பின் பீரங்கி எங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பிரிட்டோரியாவின், அதாவது நம் அரசின், ஓட்டு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. 2014-இல் போர்க்குற்ற விசாரணைக்கான தீர்மானம் 23-க்கு 12 என்று நிறைவேறியபோது தென்னாப்பிரிக்கா நடுநிலை வகித்தது. அப்போதும் இங்கே தெருவில் சத்தமில்லை.

ஆகவே மாமா, நடந்ததில் தப்பில்லை. யாருடைய கையெழுத்து இன்னும் விழவில்லை என்று பார்க்காமல் நடந்தோம், அவ்வளவுதான். கீழே வருகிற எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

பெரிய பேரணி

2003 பிப்ரவரி 15. ஈராக் போர் தொடங்குவதற்கு முன்னாலேயே உலகம் முழுக்க 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் மக்கள் இறங்கிய நாள். டர்பன், கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க்கிலும் நடந்தது. ரோம் நகரத்தில் 30 லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு. லண்டனில் போலீஸ் கணக்கே ஏழரை லட்சம். ஏற்பாடு செய்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். மார்ச் 18-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஓட்டெடுத்தது: போருக்கு ஆதரவு 412, எதிர்ப்பு 149. இரண்டு நாளில் குண்டு விழ ஆரம்பித்தது.

'பேரணியால் ஒன்றும் ஆகாது' என்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதே மார்ச் 1-ஆம் தேதி அங்காராவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அறுபதாயிரத்துக்கு மேல் அமெரிக்கத் துருப்புகள் துருக்கி வழியாக ஈராக்கின் வடக்கே இறங்க அனுமதி கேட்ட நாள் அது. தளவாடங்களை ஏற்றிய கப்பல்கள் துருக்கிக் கடலோரத்தில் காத்துக் கிடந்தன. நாடாளுமன்றத்துக்கு வெளியே பல்லாயிரம் பேர். லண்டனோடு ஒப்பிட்டால் சின்னக் கூட்டம். உள்ளே ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதான் அதிகம், ஆனால் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. மூன்று ஓட்டுக் குறைந்ததால் அனுமதி தோற்றது. கப்பல்கள் சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போயின.

லண்டனில் இத்தனை லட்சம் பேராலும் முடியாதது அங்காராவில் எப்படி முடிந்தது? துருக்கிக்காரர்கள் கோபக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. லண்டனில் பிரதான எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி போருக்கு ஆதரவு. ஆளுங்கட்சியிலேயே 139 பேர் முரண்டு பிடித்தும் அரசு அசையவில்லை, எதிர்வரிசை முட்டுக் கொடுத்தது. தெருவில் நின்ற கூட்டத்துக்கு உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்கவில்லை. அங்காராவில் எதிர்க்கட்சி ஒட்டுமொத்தமாக எதிர்ப்பு. ஆளுங்கட்சித் தலைமை தன் ஆட்களைக் கட்டிப்போடவில்லை. அவரவர் மனசுக்கு விட்ட ஓட்டு. ஊசலாடும் மனசு உள்ளே இருந்தது, வெளியே கூட்டத்தின் சத்தம் கேட்டது.

லண்டன் பேரணி வீண்தானா என்றால், அதையும் அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. பத்து வருஷம் கழித்து, 2013 ஆகஸ்ட் 29-இல் சிரியாமேல் தாக்குதலுக்கு அதே நாடாளுமன்றத்தில் அரசு அனுமதி கேட்டது. 272-க்கு 285 என்று தோற்றது. அன்றைக்கு லண்டன் தெருவில் லட்சங்கள் இல்லை. ஆனால் உள்ளே பேசியவர்களில் பலர் ஈராக் என்ற சொல்லை எடுக்காமல் உட்காரவில்லை. இந்த முறை எதிர்க்கட்சியும் எதிர்த்தது. 2003-இல் நடந்த கால்களுக்கு 2013-இல் கூலி கிடைத்தது என்பேன் நான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், பத்து வருஷமா என்று முகம் சுளிப்பார்கள். நியாயம்தான்.

இன்னும் விசித்திரமான ஒரு கதை உண்டு. 1969 கோடையில் அமெரிக்க அதிபர் நிக்சன், நவம்பர் 1-க்குள் இறங்கி வராவிட்டால் பலத்த அடி விழும் என்று வட வியட்நாமுக்கு ரகசியமாகக் கெடு வைத்திருந்தார். அக்டோபர் 15-இல் நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வேலையை விட்டு வந்து போருக்கு எதிராகக் கூடினார்கள். கெடு தாண்டிய பிறகும், நவம்பர் 15-இல், வாஷிங்டனில் மட்டும் ஐந்து லட்சம் பேர். வெளியே நிக்சன், இதெல்லாம் என்னைப் பாதிக்காது என்றார். கெடு தேதி வந்தது, போனது, அடி விழவில்லை. அந்த ஆர்ப்பாட்டங்கள் தன் எச்சரிக்கையைப் பல்லில்லாததாக்கிவிட்டன என்று பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதினார். நடந்தவர்களுக்கு அப்போது அது தெரியாது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள். போரும் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஓடியது என்பதையும் மறைக்கக்கூடாது. தெருவில் நிற்பவர்களுக்கு எதிராக 'மௌனப் பெரும்பான்மை' என்று ஒன்றைக் கிளப்பிவிட்டு நிக்சன் தன் செல்வாக்கையும் கூட்டிக்கொண்டார். கூட்டத்துக்கு அந்த ஆபத்தும் உண்டு: பார்க்கிறவர்களில் ஒரு பாதியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நம் எம்.பி.க்கள் தொகுதியிலிருந்து வருவதில்லை, கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் நாம் கத்தினால் எம்.பி.க்குத் தூக்கம் கெடாது. கட்சித் தலைமை முகம் சுளித்தால்தான் கெடும். பெரிய பேரணிக்கு இது இங்கே உள்ள பெரிய பலவீனம். இன்னொரு பக்கம், 2024 மே தேர்தலுக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடையாது. 400 இடத்தில் மிகப் பெரிய கட்சியான ஏ.என்.சி.க்கே 159தான். எண்ணிக்கை ஆடுகிற சபையில் அங்காரா நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஓட்டு என்று ஒன்று வைத்தால்தான். ஓட்டு வைத்தாலும் அது அரசைக் கட்டுப்படுத்துகிற ஓட்டா என்று பார்க்க வேண்டும். 2023 நவம்பர் 21-இல் இஸ்ரேல் தூதரகத்தை மூட வேண்டும் என்று 248-க்கு 91 என்று தீர்மானம் நிறைவேறியது. ஊர் ஊராகப் பேரணி நடந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. கைதட்டி முடித்த பிறகுதான் பலருக்கும் தெரிந்தது, அந்தத் தீர்மானத்துக்கு அரசைக் கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது என்று.

செலவு? ஊர்வலம் நடத்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வருஷா வருஷம் காவடிக்கு ரோட்டை மறித்து, தண்ணீர்ப் பந்தல் போட்டு, மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிப் போகிற ஆட்கள் நாம். ஏழு நாள் முன்னதாக நகராட்சிக்கு அறிவிப்பு, பாதை வரைபடம், மார்ஷல்கள், எல்லாம் பழக்கம்தான். பஸ் வாடகைதான் இடிக்கும். 6,400 ராண்டுக்கு இரண்டு பஸ் வந்தாலே அதிசயம். டின் ஒரே நாளில் காலி.

கப்பல்

மாமா அன்றைக்கு வாசலில் நின்றதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று பின்னால்தான் தோன்றியது. டர்பனில் போரின் போக்கைத் தொட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னால் நான் எந்தப் பேரணியையும் சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரலைச் சொல்வேன்.

ஆன் யூ ஜியாங் என்ற சீனக் கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. உள்ளே 77 டன் ஆயுதம். துப்பாக்கிக் குண்டுகளே 30 லட்சம், அதற்கு மேல் ராக்கெட் குண்டுகளும் மோர்ட்டார் குண்டுகளும். ஜிம்பாப்வேக்குப் போக வேண்டியவை. அங்கே மார்ச் 29 தேர்தல் முடிந்து, முடிவை அறிவிக்காமல் இழுத்துக்கொண்டு, ஊர் ஊராக அடி உதை தொடங்கியிருந்த நேரம். சரக்கு டர்பனில் இறங்கி லாரியில் வடக்கே போக வேண்டும். நம் அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு அனுமதியும் கொடுத்துவிட்டது. கையெழுத்து விழுந்துவிட்டது என்று நினைக்கிற கட்டம்.

ஆனால் ஒரு கண்டெய்னர் தரைக்கு வர இன்னும் சில கைகள் அசைய வேண்டும். துறைமுகத் தொழிலாளர் யூனியனான சட்டாவு, எங்கள் ஆட்கள் இதை இறக்க மாட்டார்கள், லாரி ஓட்டுபவர்களும் ஏற்றிப்போக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. அதே சமயம் ஆங்கிலிக்கன் பேராயர் ரூபின் பிலிப்பும் இன்னொருவரும், ஒரு வழக்கறிஞர் அமைப்பின் உதவியோடு டர்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏப்ரல் 18 அன்று சரக்கை நகர்த்தத் தடை கிடைத்தது. தடை உத்தரவைக் கையில் கொடுப்பதற்குள் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்து நாட்டுத் துறைமுகங்களும் தயங்கின. அங்கோலா, கட்டுமானப் பொருளை மட்டும் இறக்கிக்கொள் என்றது.

எத்தனை பேர்? சில நூறு தொழிலாளிகள், ஒரு பேராயர், சில வக்கீல்கள். லண்டன் கூட்டத்தில் ஒரு தெருமுனைக்குக்கூடக் காணாது.

இதைச் சொன்னபோது மாமா தலையாட்டிவிட்டு ஒன்று சொன்னார்: "இறக்க மாட்டேன்னு சொல்றவனுக்கு அன்னிக்குக் கூலி இல்லம்மா. அதையும் எழுது." எழுதிவிட்டேன். துறைமுகத்தில் வேலை பார்க்காதவர்கள் துறைமுகத்தை நிறுத்தச் சொல்வதில் ஒரு அசிங்கம் இருக்கிறது. நாம் போய் 'நீங்கள் செய்யுங்கள்' என்று சொல்ல முடியாது. அவர்களாகச் செய்யும்போது அரிசி, பருப்பு, வக்கீல் செலவு என்று பின்னால் நிற்க முடியும். டின்னில் இருக்கிற பணம் அதற்கு உதவும்.

நம் முன்னோர் கதையையும் இங்கே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். 1913 நவம்பரில் நியூகாசிலிலிருந்து காந்தியோடு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்களே, அந்த நடையை நாம் பிள்ளைகளுக்கு நாடகமாகவே போட்டுக் காட்டுகிறோம். அவர்கள் யார்? பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். தம்பி நாயுடுவோடு போன தமிழ்ப் பெண்கள் சுரங்க லைன்களுக்குப் போய்ப் பேசி வேலையை நிறுத்த வைத்தவர்கள். பிறகு கரும்புத் தோட்டங்களுக்கும் அது பரவியது. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள்மேல் போட்டிருந்த மூன்று பவுண்டு வரி அடுத்த வருஷம் ஒழிந்தது. நடையை நினைவு வைத்துக்கொண்டோம், நின்றுபோன நிலக்கரியை மறந்துவிட்டோம்.

நிலக்கரி என்றதும் காசா கட்சிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தென்னாப்பிரிக்க நிலக்கரி இஸ்ரேலுக்குப் போகிறது. 2024 ஆகஸ்டில் கொலம்பியா தன் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இங்கிருந்து போவதைப் பற்றிய பேச்சு கூடியது. 'அப்போ நிலக்கரியை மறிப்போம்' என்றாள். அங்கேதான் இந்த வழியின் குறை. நிலக்கரி டர்பனிலிருந்து போவதில்லை, ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து போகிறது. அங்கே எல்லாம் கன்வேயர் பெல்ட். மனிதக் கை படுகிற இடங்கள் சொற்பம். யாருடைய கை அசைய மறுத்தால் நிற்கும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களைக் கேட்காமல் போஸ்டர் எழுதிப் பயனில்லை. கப்பல் வழி மிக வலுவானது, ஆனால் கப்பல் நம் ஊருக்கு வர வேண்டும்.

நீதிமன்றமும் மற்றவையும்

நீதிமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2008 தடை தனியாக வந்ததில்லை, இறக்க மறுத்த கைகளோடு சேர்ந்து வந்தது. 2002-ஆம் வருஷ ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், மனித உரிமையை மீறும் அரசுகளுக்கு ஆயுதம் போகக்கூடாது என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட முடியும். ஆனால் வக்கீல் ஒருவர் மனமிரங்கி இலவசமாகச் செய்தால்தான் உண்டு. பிரியாணிக் காசில் அட்வகேட் ஒருவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். 2023 டிசம்பர் 29-இல் இஸ்ரேலுக்கு எதிராக நம் அரசே ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதைப் பேரணிகளின் வெற்றி என்று சிலர் சொல்கிறார்கள். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் ஆசை. பாலஸ்தீனத்தோடு ஆளுங்கட்சிக்கு இருந்த உறவு பேரணிகளுக்கு வெகு காலம் முந்தியது. ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் தள்ளினோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் மனு? கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஆறுதல். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மறுத்தவர்கள்

காங்கோ கட்சிப் பெண்ணுக்காக இதைச் சேர்க்கிறேன். சொந்த அரசு சொந்தப் பிள்ளைகளை அனுப்பும் போர் வேறு கணக்கு. நிறவெறி அரசு நமீபியாவிலும் அங்கோலாவிலும் வெள்ளை இளைஞர்களைக் கட்டாயமாக அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1983-இல் கட்டாய ராணுவச் சேவைக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கியது. 1988-இல் ஒரே நாளில் 143 பேர் வெளிப்படையாக மறுத்தார்கள். அதே மாதம் அரசு இயக்கத்தை முடக்கியது. அடுத்த வருஷம் மறுத்தவர்கள் 771. போர் நின்றதற்கு அங்கோலாவின் க்வீட்டோ க்வனவாலேயில் சண்டையில் ஏற்பட்ட முட்டுக்கட்டை, பொருளாதாரத் தடை, செலவு எல்லாம் காரணம். இவர்களால் மட்டும் என்று சொன்னால் அது பொய். ஆனால் அரசு எந்தப் பேரணியைக் கண்டும் இந்த 143 பெயர்களுக்குப் பயந்த அளவு பயந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் வீடுகளிலும் அந்தப் பயம் இருந்தது. 1984-இல் இந்தியர்களுக்குத் தனி அவை தருகிறோம், ஓட்டுப் போடுங்கள் என்று அரசு கூப்பிட்டபோது, இன்றைக்கு ஓட்டு, நாளைக்கு உன் பையன் கையில் துப்பாக்கி என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார்கள். என் அம்மா ஓட்டுப் போடப் போகாததற்கு அதுதான் காரணம். அரசியல் இல்லை, என் அண்ணன். ஓட்டுப் போட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான்.

இப்போது கட்டாயச் சேவை இல்லை, சம்பளத்துக்குச் சேர்கிறார்கள். ஆனாலும் சவப்பெட்டி வந்தால் அரசு நெளிகிறது. 2013-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில் 13 வீரர்கள் இறந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பி வருகிறோம் என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா பக்கம் 14 பேர் இறந்தார்கள். மார்ச் 13-இல் ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டார நாடுகளின் கூட்டமைப்பு படையைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தது. இரண்டு முறையும் தெருவில் பெருங்கூட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் 201-ஆம் பிரிவுப்படி படையை அனுப்பினால் ஜனாதிபதி காரணத்தோடு நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். எத்தனை பேர், எங்கே, எவ்வளவு காலம் என்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாள் வருகிற வாரம்தான் சின்னக் கூட்டத்துக்குக்கூட மதிப்பு. பெட்டி வந்த பிறகு அல்ல.

பதினைந்து பேர்

சட்டப்படி பொது இடத்தில் 15 பேர் வரை நின்றால் அது ஆர்ப்பாட்டம். முன் அறிவிப்பு வேண்டாம். 16 ஆனால் கூட்டம், அறிவிப்பு வேண்டும். 2013-இல் கேப்டவுனில் சிலர் மேயர் அலுவலகத்துக்கு வெளியே தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொள்ளத் திட்டமிட்டபோது கணக்காகப் பதினைந்து பேர் என்றுதான் வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உற்சாகத்தில் சேர்ந்துகொள்ள எண்ணிக்கை தாண்டிவிட்டது, வழக்காகிவிட்டது. 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம், அறிவிப்புக் கொடுக்காததையே குற்றமாக்கும் பிரிவு செல்லாது என்றது. அறிவிப்பு விதி இன்னும் இருக்கிறது. அதற்காக ஜெயில் இல்லை.

சின்னக் கூட்டத்தை ஏளனம் செய்பவர்களுக்கு டர்பனில் ஒரு பதில் இருக்கிறது. 1984 செப்டம்பரில் தடுப்புக் காவலுக்குத் தப்பி நிறவெறி எதிர்ப்புத் தலைவர்கள் ஆறு பேர் இங்கேயிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆர்ச்சி குமேடே, எம்.ஜே. நாயுடு, பில்லி நாயர் எல்லாரும் அதில் உண்டு. உலகப் பத்திரிகைகள் டர்பன் பக்கம் திரும்பின. கோபத்தில் நிறவெறி அரசு என்ன செய்தது தெரியுமா? ஆயுதத் தடையை மீறிக் கடத்தியதாக இங்கிலாந்தில் வழக்கில் சிக்கிய நான்கு தென்னாப்பிரிக்கர்களை விசாரணைக்குத் திருப்பி அனுப்புவேன் என்று கொடுத்த வாக்கை மீறியது. அதில் ஆயுதக் கடத்தல் கதை இன்னும் பெரிசாக வெளியே வந்தது. ஆறு பேர், ஒரு கட்டிடம், தினம் ஒரு செய்தி.

பதினைந்து பேருடைய பலம் ஒரே இடத்தில் ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப நிற்பதில் இருக்கிறது. செலவு பஸ் காசு மட்டும். குறை: யாரும் கவனிக்காமலே போகலாம். மூன்றாவது வாரம் மழை பெய்யும், நாலாவது வாரம் பரீட்சை வரும். பிள்ளைகளைப் பார்த்து இதைத்தான் கேட்டேன்: ஒரு நாள் ஐயாயிரம் பேரா, இருபது வியாழக்கிழமை பதினைந்து பேரா? முகங்களைப் பார்த்தேன். ஐயாயிரம்தான் இனித்தது. எனக்கும் அந்த வயசில் அப்படித்தான்.

இரண்டு மணி நேரம் சண்டை போட்டு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். டின்னைத் தொடுவதில்லை. ஓட்டுத் தேதியோ, படை அனுப்பும் தாளோ, கப்பலோ கண்ணில் பட்டால் அன்றைக்குத்தான் பஸ். அதுவரை வியாழன் தோறும் கட்சி அலுவலகம் ஒன்றின் எதிரே பதினைந்து பேர். தட்டியில் 'போரை நிறுத்து' கிடையாது. அந்தந்த வாரம் யார் எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ அது மட்டும், ஒரு வரி. மாமா தன் பழைய யூனியன் ஆட்களிடம் பேசிப் பார்ப்பார், கட்டாயமில்லை. சூடான் கட்சிப் பையனுக்கு இதில் திருப்தி இல்லை. சூடானுக்கு இங்கே எந்தக் கையெழுத்தும் அகப்படவில்லையே என்றான். தேடு, கிடைத்தால் முதல் வியாழன் உனக்கு என்றேன். ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஏற்றுமதி அறிக்கைகளை இறக்கி வைத்துக்கொண்டு இப்போது ராத்திரியெல்லாம் படிக்கிறானாம், அவன் அம்மா புகார் சொன்னாள்.

முதல் வியாழனுக்குப் பெயர் எழுதினோம். போர்டில் பதினைந்து வரை வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். வாசலிலிருந்து மாமா, "என் பேரையும் போடு" என்றார்.

"மாமா, பதினாறு ஆயிடும்."

"அப்போ நான் எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்திருக்கேன். பஸ்ஸுக்கு நிக்கிறவனை யாரு கணக்கெடுக்கப் போறா?"